கவார்த்வாக் கோட்டை யாருடையது?

சில வருடங்களுக்கு முன்னர், வேல்ஸ் தேசத்தின் தலைநகரான கார்டிவில் வசிக்கும் என் மருமகனின் வீட்டில் சில நாட்கள் தங்கியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், "மாமா, வடக்குப் பக்கமாய் முக்கால் மணித்தியாலம் காரிலை போனால் ஒரு கோட்டை இருக்கு. பாக்க நல்ல வடிவு" என்றார். போனோம். உண்மையிலேயே வடிவான கோட்டைதான். சாம்பல் நிறக் கல், மூலைக்கு மூலை கொத்தளம், பற்களைப் போன்ற மதில் விளிம்பு, முன்னால் பச்சைப் புல்வெளி, கீழே ஒரு ஏரி. பிள்ளைகள் ஓடி விளையாடினார்கள். நாங்களும் எல்லோரையும் போல மதிலை முதுகுக்குப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டோம்.

புலம்பெயர்ந்த எம்மவர்களின் வீடுகளில் இத்தகைய கோட்டைப் படங்கள் நிறைய உண்டு. எந்த மன்னன் கட்டினான், எந்தப் போரைக் கண்டது என்று நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. இந்தக் கோட்டையைப் பற்றி அப்படிக் கேட்டிருந்தால், கிடைக்கும் பதில் வியப்பாக இருந்திருக்கும். இதை எந்த மன்னனும் கட்டவில்லை. இதன்மீது ஓர் அம்பேனும் பாய்ந்ததில்லை. இது 1824 - 25 ஆம் ஆண்டுகளில் வில்லியம் குறோஷே என்ற இரும்பாலை முதலாளி தன் குடும்பம் வசிப்பதற்காகக் கட்டிய வீடு. றொபேட் லூகர் என்ற கட்டடக் கலைஞர் வரைபடம் போட்டார். செலவு ஏறத்தாழ 30,000 பவுண். கொத்தளங்கள் எல்லாம் அலங்காரத்துக்கு.

ஆயினும் அது எதையும் காவல் காக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. அதன் முன்புறச் சாளரங்களில் நின்று பார்த்தால், டாவ் நதிக்கு அப்பால் கவார்த்வா இரும்பாலையின் ஊதுலைகள் இருந்த இடம் தெரியும். இரவில் அந்த உலைகளின் செந்தீ வானத்தைச் சிவப்பாக்கும். முதலாளி தன் வரவேற்பறையில் இருந்தபடியே தனது செல்வம் எரிவதைப் பார்க்கலாம். தொழிலாளியும் உலைவாயில் நின்று நிமிர்ந்தால் முதலாளியின் வீட்டைப் பார்க்கலாம். இரண்டு பார்வைகளும் ஒன்றல்ல. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல முனைவது அந்த இரண்டாவது பார்வையைப் பற்றியே.

கவார்த்வா என்ற வேல்ஸ் மொழிச் சொல்லுக்கு நாய்கள் குரைக்கும் இடம் என்று பொருள் சொல்வார்கள். வேட்டை நாய்கள் குரைத்த மலைச்சாரலாக இருந்திருக்கும். அது அமைந்துள்ள மேர்தர் டிட்வில், பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆட்டுப்பட்டிகளும் சில வீடுகளும் கொண்ட ஒரு கிராமம். ஆனால் அந்த மலைகளுக்குள் இரும்புத்தாது இருந்தது; அதனருகிலேயே நிலக்கரி இருந்தது; சுண்ணாம்புக்கல் இருந்தது; சக்கரங்களைச் சுழற்ற ஆற்று நீரும் இருந்தது. இரும்பு உருக்குவதற்கு வேண்டிய நான்கும் ஒரே பள்ளத்தாக்கில் கிடைப்பது அபூர்வம். 1765 இல் அன்ரனி பேக்கன் என்ற வணிகரும் வில்லியம் பிரவுண்றிக் என்ற மருத்துவரும் அங்கே சுமார் 4,000 ஏக்கர் நிலத்தின் கனிய உரிமையை 99 வருடக் குத்தகைக்கு எடுத்தார்கள். குத்தகைப் பணம் வருடத்துக்கு 100 பவுண். ஒரு முழுத் தலைமுறையின் செல்வம் அந்த விலைக்குக் கைமாறியது.

பேக்கன் யார் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அவர் பாராளுமன்ற உறுப்பினர். அமெரிக்கக் குடியேற்றங்களோடும் மேற்கு ஆபிரிக்காவோடும் வியாபாரம் செய்தவர். மேற்கிந்தியத் தீவுகளில் பிரித்தானிய அரசாங்கத்தின் வேலைகளுக்கு அடிமைகளை ஒப்பந்த அடிப்படையில் வழங்கியவர். பின்னர் அமெரிக்கச் சுதந்திரப் போரின்போது அரசாங்கத்துக்குப் பீரங்கிகளை விற்றவர். கவார்த்வாவின் முதல் உலையை மூட்டிய மூலதனம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை இதற்குள் இருக்கிறது.

பேக்கன் 1786 இல் இறந்தபின் ஆலை றிச்சர்ட் குறோஷேயின் கைக்கு வந்தது. யோக்ஷயர் விவசாயி ஒருவரின் மகன். பதினாறு வயதளவில் தகப்பனோடு முரண்பட்டு லண்டனுக்குப் போய், இரும்புச் சாமான் கடையில் வேலைக்குச் சேர்ந்து, அந்தக் கடைக்கே உரிமையாளரானவர். அவருடைய கெட்டித்தனம் ஒரு விடயத்தில் வெளிப்பட்டது. ஹென்றி கோர்ட் என்பவர் 1784 இல் காப்புரிமை பெற்ற பட்லிங் முறையைப் பலர் சந்தேகத்தோடு பார்த்தபோது, அதை வேல்ஸுக்குக் கொண்டுவந்து பெரும் அளவில் நடத்திக் காட்டியவர் அவரே.

அந்த முறையைச் சற்று விளக்க வேண்டும். இந்த வரலாற்றின் உயிர் அதில்தான் இருக்கிறது. ஊதுலையில் இருந்து வரும் வார்ப்பிரும்பில் கரி மிகுந்திருக்கும். சம்மட்டியால் அடித்தால் நொறுங்கிவிடும். அதைத் தேனிரும்பாக மாற்றினால்தான் தண்டவாளமாகவும் சங்கிலியாகவும் கப்பல் நங்கூரமாகவும் அடிக்கலாம். பட்லிங் உலையில் நெருப்பு ஒரு பக்கமும் இரும்பு மறுபக்கமும் இருக்கும். சுவாலை மாத்திரம் இரும்பின்மீது தவழ்ந்து செல்லும். உருகிய இரும்பை, உலையின் சிறு துவாரம் வழியாக நீண்ட கம்பியை நுழைத்து ஒரு மனிதர் இடைவிடாது கிளறிக்கொண்டிருப்பார். கரி எரிந்து தீரத்தீர இரும்பு இறுகும். பாகு பதத்துக்கு வரும். அந்தப் பதம் எந்தக் கணத்தில் வந்தது என்பதை அறிய அன்று கருவி எதுவும் இல்லை. சுவாலையின் நிறத்தைப் பார்த்தும் கம்பியில் ஏறும் கனத்தை உணர்ந்தும் அந்த மனிதர்தான் சொல்ல வேண்டும். பிறகு அதை உருண்டைகளாகத் திரட்டி இழுத்து, சம்மட்டிக்கும் உருளை இயந்திரத்துக்கும் அனுப்புவார்.

ஆகவே கவார்த்வாவின் மிகப் பெறுமதி வாய்ந்த இயந்திரம் ஒரு மனிதரின் கண்ணும் தோளுமே. அந்தக் கண்தான் முதலில் கெட்டுப்போவதும். முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் அந்தக் கண்ணுக்குத் தேய்மானம் எழுதப்படவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்தபோது கவார்த்வா உலகின் மிகப் பெரிய இரும்பாலையாகக் கருதப்பட்டது. 1802 இல் நெல்சன் தளபதியே வந்து பார்த்துவிட்டுப் போனார். ஆலையின் பொறியியலாளரான வற்கின் ஜோர்ஜ் 50 அடி விட்டமுள்ள நீர்ச்சக்கரத்தைச் செய்து நிறுத்தினார். அவர் 1793 அளவில் அமைத்த பொன்ற்-அ-கவ்னே என்ற இரும்புப் பாலம், மேலே டிராம் பாதையையும் அதனோடு நீர்த்தொட்டியையும் தாங்கியது. உலகில் இன்றும் நிலைத்திருக்கும் ஆகப் பழைய இரும்பு ரயில் பாதைப் பாலம் அதுவே என்பார்கள். 1794 இல் கார்டிவ் வரை கால்வாய் திறக்கப்பட்டது. அயல் ஆலையான பெனிடாறனில், 1804 பெப்ரவரி 21 அன்று, றிச்சர்ட் ரெவிதிக்கின் நீராவி இயந்திரம் 10 தொன் இரும்பையும் சுமார் 70 மனிதர்களையும் தண்டவாளத்தின்மேல் இழுத்துச் சென்றது. அது முடியுமா முடியாதா என்று பெனிடாறன் முதலாளி சாமுவேல் ஹொம்பிறேயும் றிச்சர்ட் குறோஷேயும் 500 கினி பந்தயம் கட்டியிருந்தார்கள். தோற்றவர் குறோஷே.

றிச்சர்ட் வாழ்ந்தது ஆலைக்குப் பக்கத்திலேயே. அவரது மகன் முதலாம் வில்லியம் லண்டனில் இருந்து வியாபாரத்தைக் கவனித்தார். பேரன் இரண்டாம் வில்லியம்தான் கோட்டை கட்டினார். அந்த ஆடம்பரச் செலவு லண்டனில் இருந்த தகப்பனுக்குப் பிடிக்கவில்லை. ஆலையைப் பார்த்து வாழ்ந்த குடும்பம், ஆலையை உயரத்தில் இருந்து பார்க்கும் குடும்பமாக மாற மூன்று தலைமுறை போதுமாக இருந்தது.

அதே 1825 ஆம் ஆண்டளவில் குறோஷே நிறுவனம் இன்னொன்றையும் கட்டியது. சப்பல் றோ என்ற தொழிலாளர் குடியிருப்பு வரிசை. தேர்ச்சி பெற்ற தொழிலாளருக்கானது என்பதால், அன்றைய மேர்தரில் அது நல்ல வீடுகளில் ஒன்று. அதன் நான்காம் இலக்க வீட்டில் 1841 இல் ஒரு குழந்தை பிறந்தது. பெயர் ஜோசப் பரி. ஒன்பது வயதில் சுரங்கத்துக்குப் போன அந்தப் பையன், பன்னிரண்டு வயதில் கவார்த்வா உலைகளில் வேலை செய்தான். பின்னர் குடும்பத்தோடு அமெரிக்கா சென்று, மீண்டு வந்து, அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல் இசைப் பேராசிரியரானான். வேல்ஸ் மக்கள் இன்றும் நெஞ்சுருகப் பாடும் 'மவான்வி' என்ற பாடலுக்கு இசையமைத்தவர் அவரே. அவர் பிறந்த அந்தச் சிறு வீடு பாதுகாக்கப்பட்டு அருங்காட்சியகமாக்கப்பட்டது. கோட்டையும் அந்த வீடும் ஏறத்தாழ ஒரே வயதினை உடையவை. ஒரே ஆலையின் பணத்தில் எழுந்தவை.

இனி, கோட்டைக்கு ஆறு வயது ஆனபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். 1831 இல் இரும்பின் விலை வீழ்ந்திருந்தது. குறோஷே கூலியைக் குறைத்தார். பட்லிங் தொழிலாளர் 84 பேரை வேலையில் இருந்து நீக்கினார். கடன் நீதிமன்றமோ, கடன் கட்ட முடியாதவர்களின் கட்டிலையும் பெட்டியையும் வீட்டுக்கு வீடு போய்ப் பறித்துக்கொண்டிருந்தது. ஜூன் மாதத் தொடக்கத்தில் மக்கள் எழுந்தார்கள். பறிக்கப்பட்ட பொருட்களை மீட்டு உரியவர்களிடம் ஒப்படைத்தார்கள். நீதிமன்றப் பதிவேடுகளை எரித்தார்கள். கன்றின் இரத்தத்தில் தோய்த்த செங்கொடியை உயர்த்தினார்கள் என்றும், தொழிலாளர் போராட்டத்தில் செங்கொடி எழுந்த மிக முந்திய சந்தர்ப்பங்களுள் இது ஒன்று என்றும் கூறப்படுகிறது. ஜூன் 3 அன்று 'காசில் இன்' என்ற விடுதியின் முன்னால், ஸ்கொட்லாந்துப் படையினர் கூட்டத்தை நோக்கிச் சுட்டார்கள். குறைந்தது 16 பேர் இறந்தார்கள்.

இந்த இடத்தில் குறோஷேக்கு நியாயம் செய்ய வேண்டியது பத்திரிகையாளனின் கடமை. அவர் அக்கால முதலாளிகளில் மோசமானவர் அல்லர். பாராளுமன்றச் சீர்திருத்தத்தை ஆதரித்தவர். வேறு ஆலைகளில் கூலிக்குப் பதிலாகக் கம்பனிக் கடைச் சாமானைக் கொடுத்து ஏமாற்றியபோது, அவர் காசாகக் கொடுத்தார். ஆனால் நல்ல முதலாளியின் ஆலையிலும் துப்பாக்கி வெடித்தது என்பதுதான் நாம் கற்க வேண்டிய பாடம். தனிமனிதரின் நற்குணத்தை நம்பி ஒரு நகரத்தின் சோற்றை விடுவதில் உள்ள ஆபத்து அது.

எழுச்சி அடங்கியதும் அரசுக்கு ஒரு தலை தேவைப்பட்டது. லூவிஸ் லூவிஸ் என்பவருக்கு விதித்த மரண தண்டனை நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. டிக் பென்டெரின் என்று அறியப்பட்ட றிச்சர்ட் லூவிஸ் என்ற 23 வயதுச் சுரங்கத் தொழிலாளி, டொனால்ட் பிளாக் என்ற சிப்பாயைக் காயப்படுத்தினார் என்று தீர்ப்பாயிற்று. சிப்பாய் உயிரோடு இருந்தார். தன்னைக் குத்தியவர் இவர்தான் என அவரால் அடையாளம் காட்டவும் முடியவில்லை. ஜோசப் ரெகெலிஸ் பிறைஸ் என்ற இன்னொரு இரும்பாலை முதலாளியே அந்த இளைஞனுக்காக மன்றாடினார். 11,000 பேர் மனுவில் ஒப்பமிட்டார்கள். உள்நாட்டமைச்சர் மெல்பேர்ண் பிரபு இணங்கவில்லை. 1831 ஓகஸ்ட் 13 அன்று கார்டிவ் சிறைக்கு வெளியே டிக் பென்டெரின் தூக்கிலிடப்பட்டார். ஆண்டவனே, இது அநியாயம் என்று அவர் கடைசியாகச் சொன்னதாக மக்கள் நினைவு வைத்திருக்கிறார்கள். 1874 இல், அமெரிக்காவில் மரணப் படுக்கையில் இருந்த வேறொருவர், அந்தச் சிப்பாயைக் குத்தியது தான்தான் என்று ஒரு மதகுருவிடம் ஒப்புக்கொண்டார்.

நகரம் மேலும் வளர்ந்தது. 1801 இல் 7,705 ஆக இருந்த மேர்தரின் சனத்தொகை 1851 இல் 46,378 ஆகியது. வேல்ஸில் அதுவே அன்று மிகப் பெரிய நகரம். ஆனால் அந்நகருக்குக் குழாய் நீர் இல்லை. கழிவுநீர் வாய்க்கால் இல்லை. நதி நீர் வாய்க்கால் வெட்டி ஆலைச் சக்கரங்களுக்குக் கொண்டுவரப்பட்டது. கோட்டைக்குக் கீழே ஏரியாகத் தேங்கி அழகு செய்தது. மக்களோ ஊற்றுவாய்களில் மணிக்கணக்காகக் காத்து நின்றார்கள். 1849 இல் வந்த கொலராவில் மேர்தரில் 1,400 க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அழகான அந்த ஏரிக்கரையில் நின்று நாங்கள் எடுத்த படம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. இந்த எண்ணிக்கையை அறிந்தபின் அதை முன்போல் பார்க்க முடியவில்லை.

கோட்டையின் கடைசி அதிபதி றொபேட் தொம்சன் குறோஷே ஒரு சிக்கலான மனிதர். 1838 இல் தன் ஆலைத் தொழிலாளரைக் கொண்டு அவர் அமைத்த பித்தளை வாத்தியக் குழு பிரித்தானியா எங்கும் புகழ் பெற்றது. நிழற்படக் கலையில் பெரும் ஈடுபாடு கொண்டவர். பக்கவாதத்தால் செவிப்புலன் இழந்தபின் அந்த ஈடுபாடு வெறியாகவே மாறி, மகள்மாரை வேடமிட்டு அமர்த்திப் படம் பிடித்தவாறு இருந்தார். அவரது மனைவி றோஸ் மேரி குறோஷேயோ பெண்களின் வாக்குரிமைக்காகப் பேசியவர். ஏழைகளுக்குக் கஞ்சித்தொட்டி நடத்தியவர். தொழிலாளருக்காக இலவச நூலகங்களைத் திறந்தவர். ஒரே கூரையின்கீழ் இரண்டு உலகங்கள் இருந்தன.

அயல் ஆலையான டவ்லைஸ் உருக்குக்கு மாறியபோது, றொபேட் பழைய இரும்பையே பற்றிக்கொண்டு நின்றார். தொழிற்சங்கத்தோடு பேச மறுத்தார். 1870 களின் நடுப்பகுதியில் உலைகளை அணைத்துவிட்டார். ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் வெறுங்கையரானார்கள். 1879 இல் அவர் இறந்தார். வெய்னர் தேவாலய முற்றத்தில் அவரது உடலின்மேல் பத்துத் தொன் நிறையுள்ள கற்பலகை கிடத்தப்பட்டுள்ளது. அதில் பொறித்திருப்பது, இறைவா என்னை மன்னித்துவிடு என்ற பொருள் தரும் மூன்றே மூன்று ஆங்கிலச் சொற்கள். எதற்காக மன்னிப்புக் கேட்டார் என்று இன்றுவரை ஊர் பேசிக்கொள்கிறது.

பிள்ளைகள் ஆலையை உருக்காலையாக்கி மீண்டும் திறந்தார்கள். 1889 இல் குடும்பம் கோட்டையை விட்டு வெளியேறியது. 1902 இல் ஆலை விற்கப்பட்டு, 1910 இல் மூடப்பட்டு, முதல் உலகப் போருக்காகச் சிலகாலம் எரிந்து, 1919 இல் நிரந்தரமாக அணைந்தது.

கோட்டை என்னவாயிற்று? நான் இந்தக் கட்டுரையை எழுதக் காரணமே அதுதான். 1908 அளவில் மேர்தர் நகரசபை அதை வாங்கியது. 1910 இல் ஒரு பகுதி அருங்காட்சியகமாகியது. 1913 இல் மறுபகுதி பாடசாலையாகியது. எந்த வீட்டின் சாளரத்தில் இருந்து முதலாளி தொழிலாளரைப் பார்த்தாரோ, அதே சாளரத்தின் அருகில் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் உட்கார்ந்து கணக்கும் இலக்கணமும் படித்தார்கள். அது ஓரிரு வருடமல்ல, நூறு வருட காலம் நீடித்தது. அவர்கள் கோட்டையை இடிக்கவில்லை, தீ வைக்கவில்லை. வாங்கி, பிள்ளைகளைக் குடியேற்றினார்கள். இதைவிட உயர்ந்த பழிவாங்கலை நான் அறியேன்.

அநீதியின் சின்னங்களை அகற்றுவதா வைத்திருப்பதா என்ற விவாதம் இப்போது உலகம் முழுவதும் நடக்கிறது. சிலைகளைப் பொறுத்தவரை அந்த விவாதத்தில் இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. சிலை ஒருவரைப் போற்றுவதற்காகவே நிறுத்தப்படுவது. வீடு அப்படியல்ல. வீட்டுக்குள் வேறு மனிதரைக் குடியேற்றலாம். வேறு கதையைச் சொல்லலாம். மேர்தர் மக்கள் அதைச் செய்து காட்டினார்கள்.

முதலாளி இல்லாவிட்டால் அந்த நகரமே இருந்திராது என்று சிலர் வாதிடக்கூடும். அது முழுப் பொய்யல்ல. றிச்சர்ட் குறோஷேயின் துணிவு இல்லாமல் அந்தப் பள்ளத்தாக்கில் அத்தனை உலைகள் எரிந்திரா. ஆனால் நகரம் குறோஷேக்குக் கடன்பட்டது என்றால், குறோஷே யாருக்குக் கடன்பட்டார் என்ற கேள்வியையும் சேர்த்துத்தானே கேட்க வேண்டும்? கடன் நீதிமன்றம் தொழிலாளரிடம் மாத்திரம் போய்க் கட்டிலைப் பறித்தது. மறுபக்கத்துக் கடனை வசூலிக்க எந்த நீதிமன்றமும் இருக்கவில்லை. 1908 இல் அந்த நகரசபை செய்தது, ஒரு வகையில் அந்த வசூலின் தொடக்கம் என்றே நான் கருதுகிறேன்.

தொடக்கம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கோட்டைக்கு இருநூறு வயது நிறையும் காலத்தில், அதையும் பூங்காவையும் புதுப்பிக்கும் பெருந்திட்டம் வரையப்பட்டது. நல்ல காரியம். ஆனால் நதிக்கு அப்பால் ஆறு பழைய ஊதுலைகளின் கல்முகப்புகள் நிற்கின்றன. நாங்கள் போன அன்று கோட்டையின் முன்னால் கூட்டம் நிறைந்திருந்தது. அந்த உலைகளின் அருகில் நாங்கள் மாத்திரம் நின்றோம். அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு நேரம் எடுத்தது. கோட்டைக்கு ஒரு பவுண் செலவிடுவோர் உலைகளுக்கும் ஒரு பவுண் செலவிட வேண்டும். பேக்கனின் அடிமை வியாபாரத்தையும், 84 பேரின் வேலை நீக்கத்தையும், டிக் பென்டெரினின் பெயரையும், இரும்பின் பதம் அறிந்த அந்தக் கண்களையும் வரவேற்பறையிலேயே எழுதி வைக்க வேண்டும். அந்த இளைஞனுக்கு மன்னிப்பு வழங்கவேண்டும் என்ற கோரிக்கை மீண்டும் மீண்டும் எழுந்துள்ளது. மன்னிப்பு என்ற சொல்லே அங்கு பொருந்தாது என்பது என் எண்ணம். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு எதற்கு? தீர்ப்புத்தான் திருத்தப்பட வேண்டும்.

அருங்காட்சியகத்தில் ஒரு நீர்வண்ண ஓவியம் பார்த்தேன். பென்றி வில்லியம்ஸ் 1825 இல் வரைந்தது. மேர்தரில் வீடுகளுக்கு வர்ணம் பூசிய ஒருவரின் மகன் அவர். ஆலையின் உட்புறம், இரவு நேரம். பெரிய கூரையின்கீழ் தீயின் ஒளியில் சின்னச் சின்ன மனித உருவங்கள். கோட்டை கட்டி முடிந்த அதே வருடத்தில் வரைந்த படம். அதன் முன்னால் என் மருமகனின் மகள் நெடுநேரம் நின்றாள். ஒன்பது வயது. "இந்த ஆக்களுக்குப் பேர் இல்லையோ, தாத்தா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு விடை தேடிப்போய்த்தான் இவ்வளவையும் படித்தேன். ஓரிரு பெயர்கள் கிடைத்தன; மேலே எழுதியிருக்கிறேன். அடுத்த முறை அந்தப் பக்கம் போகும் எம்மவர்கள் கோட்டையில் படம் எடுத்த பின்னர், பாலத்தைக் கடந்து உலைகள் வரை நடந்து போய், அங்கும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.